மசக்கை நின்ற காலை

ரெடிமேட் துணி தைக்கும் அந்தக் கம்பெனியில் மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பொறும்மா அண்ணன்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும் அந்தப் பெரிய கூடத்தில் ஏதாவது ஒன்று மக்கர் செய்ததும், அதில் உட்கார்ந்திருக்கும் பெண் பதறிப்போய், "அண்ணே, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, சூப்பர்வைசர் திட்டப்போறாரு" என்று கத்துவாள். அவன் வந்து நின்று சொல்லும் முதல் வார்த்தை "பொறும்மா". பல நேரம் அதுவே கடைசி வார்த்தையும்கூட. பிறகு குந்தி உட்கார்ந்து, மெஷினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்பான்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவன் இந்த வேலையைப் படித்ததில்லை. கெட்டுப்போன மெஷின்களிடமிருந்தே கற்றுக்கொண்டான். அதில் ஒரு முறையை அவனாகவே வகுத்து வைத்திருந்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஊசியை மாற்றினால் ஊசியை மட்டும். ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாகவில்லையா, பழைய ஊசியையே போட்டுவிட்டு அடுத்து நூலின் இழுவையைக் கவனிக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்றினால் கோளாறு போயிருக்கும், எதனால் போனது என்று மட்டும் தெரியாது. அப்படிப் போனது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து நிற்கும்.

கோளாறு போன பிறகும் அவன் விடமாட்டான். கழற்றி எடுத்த பழைய உறுப்பைத் திரும்பவும் மாட்டி ஒரு தரம் ஓட்டுவான். கோளாறு திரும்ப வந்தால்தான் குற்றவாளி அகப்பட்டதாக அர்த்தம். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவன் கை வைத்த மெஷின் மறுபடி அதே நோயோடு வந்ததில்லை என்பதால் வாயை மூடிக்கொள்வார்.

அவன் மனைவி மூக்குக் கண்ணாடி விற்கும் கடையில் வேலை பார்த்தாள். வாய்த்துடுக்கு. கண்ணாடி வாங்க வருபவரின் முகத்தைப் பார்த்ததும், "உங்களுக்கு வட்டக் கண்ணாடி வேண்டாம் சார், ஆந்தை கோவிச்சுக்கும்" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தே ஒன்றுக்கு இரண்டாக விற்றுவிடுவாள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் எதுவும் தங்காமல், பிறகு தங்கியது. முதல் ஸ்கேனில் டாக்டரம்மா துடிப்பைக் காட்டினாள். திரையில் ஒரு புள்ளி மினுக் மினுக்கென்று துடித்தது. "நம்ம தெருவிளக்கு மாதிரி இருக்கு" என்றாள் அவள். வீடு வந்து சேரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

அதற்கு அடுத்த வாரமே மசக்கை அவளை வாரிச் சுருட்டிக்கொண்டது.

"காலையில மட்டும்தான் இருக்கும்னு சொன்னாங்களே," என்றான் அவன், தண்ணீர் டம்ளரை நீட்டியபடி.

"அதுக்கு மணி பாக்கத் தெரியலைங்க," என்றாள், வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

காலையில் வந்தது. மத்தியானம் வந்தது. கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போது அவர் தலையில் பூசியிருந்த எண்ணெய் வாசனைக்கு வந்தது. முதலாளி நல்ல மனுஷன், "உடம்பு தேறி வாம்மா" என்று லீவு கொடுத்து அனுப்பினார்.

டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் தலையைத் தூக்குவதற்கு முன், படுத்தபடியே ஒரு ரஸ்க்கோ பிஸ்கட்டோ மென்று தின்ன வேண்டும். தின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்திருக்க வேண்டும். வயிற்றைக் காலியாகவும் விடக்கூடாது, நிரப்பவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் நடுவில் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சூடான சாப்பாட்டைவிட ஆறியது மேல், அதில் வாசனை எழும்பாது. இஞ்சி சிலருக்குக் கேட்கும். "தண்ணிகூடத் தங்கலை, சிறுநீர் ரொம்ப மஞ்சளாப் போகுது, எழுந்தா தலை சுத்துதுன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. உடனே கிளம்பி வாங்க" என்று மாத்திரையும் எழுதினாள்.

"இது எதனால வருதுங்க டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

"கரு வளர்றப்ப உடம்புல சில சுரப்புகள் ஏறும். முழுக் காரணம் இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலை. வீட்டுல இருக்கற எதனாலயும் வர்றது இல்ல. ஆனா ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வாசனை ஆகாது, அது கிளறிவிடும். ஆகாததைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

இத்தனையிலும் அவன் காதில் தங்கியது கடைசி வாக்கியம் ஒன்றுதான். ஆகாததைத் தள்ளி வைங்க. அது அவனுக்குத் தெரிந்த வேலை.

அவர்கள் குடியிருந்தது மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நான்கு வீடுகளுக்கும் பொதுவான காற்றுக் குழி. கீழ்வீட்டில் வெங்காயம் வதங்கினால் மேல்வீட்டில் கண் எரியும். முதலில் பற்பசையை மாற்றினான். மூன்று நாள் பார்த்தான். வாந்தி நிற்கவில்லை. பழைய பற்பசையையே கொண்டுவந்து வைத்துவிட்டு, சோப்பை மாற்றினான். சோப்பு கொஞ்சம் கேட்டது. அதை மட்டும் நிரந்தரமாகத் துரத்தினான். பிறகு அந்த ஜன்னலை, மெஷின் மூடிக்கு அடியில் ஒட்டும் பஞ்சை வெட்டி ஓரமெல்லாம் அடைத்து மூடினான். பிறகு மின்விசிறி. அது சுற்றுவதைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள்.

"அடுத்து எதைக் கழட்டப்போறீங்க?"

"தரையில விரிச்சிருக்கற பிளாஸ்டிக் பாய்."

"சரி. என்னைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் என்ன தையல் மெஷினா?"

"மெஷினா இருந்தா இந்நேரம் சரி பண்ணியிருப்பேன்."

அவளுடைய அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். சாயங்காலம் வந்து உட்கார்ந்து, கைக்குட்டையில் எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தங்கையின் கையில் கொடுப்பாள். "எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணுமே இல்ல தம்பி. கல்லு மாதிரி இருந்தேன்."

"நீ எப்பவுமே கல்லுதானேக்கா," என்றாள் தங்கை, எலுமிச்சையை மூக்கிலிருந்து எடுக்காமல்.

கம்பெனியிலும் இது பெரிய சமாச்சாரமாகிவிட்டது. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்ததால் ஓவர்லாக் அக்கா என்று பெயர் வாங்கியிருந்த பெண், காலையில் அவன் உள்ளே நுழையும்போதே ஆரம்பிப்பாள்.

"என்ன பொறும்மா, நேத்து எதைத் தூக்கிப் போட்ட?"

"ஃபேனை நிறுத்தியிருக்கேன்க்கா."

"பாவம், அந்தப் பொண்ணு வேர்த்தே கரைஞ்சுடும். நான் ஒண்ணு சொல்றேன் கேளு. உன்னைத் தூக்கி வெளிய வைக்கச் சொல்லு. எல்லாம் சரியாயிடும்."

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் மெஷினுக்கு அடியில் படுத்துத் திருப்புளியைத் திருகிக்கொண்டிருந்தபோது, அந்தப் பேச்சு அவன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாற்றிப் பார்க்காதது இன்னும் என்ன இருக்கிறது என்று யோசித்தால், வீட்டில் மிச்சமிருந்தது அவன்தான்.

அன்று சாயங்காலம் அவன் கதவைத் திறந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க கழுத்துக்கிட்ட ஒரு வாசனை. மெஷின் எண்ணெய்."

"அது வாசனையே இல்லாத எண்ணெய்ம்மா."

"உங்களுக்கு இல்ல. இத்தனை வருஷமா எனக்கும் இல்ல. இப்ப இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் குளித்தான். எலுமிச்சைத் தோலால் நகக்கண்ணைச் சுரண்டினான். கழுத்து சிவந்து போனதே தவிர வாசனை போகவில்லை. முடிவில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு, கம்பெனியில் உதிரி பாகங்கள் வைக்கும் சின்ன அறைக்குக் குடிபோனான். வாட்ச்மேனுக்கு ஆட்சேபணை இல்லை. பேச்சுத்துணை கிடைத்தது என்று சந்தோஷம்தான். வீட்டில் அவளுடைய அக்கா வந்து தங்கையோடு படுத்துக்கொண்டாள்.

"ஊரு உலகத்துல புருஷனைக் கழட்டி வெச்ச முதல் பொம்பளை நான்தான்," என்றாள் அவள். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

அவன் போன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலையில் போன் வந்தது. அவள் குரலே வேறாக இருந்தது.

"இன்னைக்கு வரலைங்க."

"என்ன வரலை?"

"அதுதான். ரஸ்க் தின்னேன், எழுந்தேன், பல் தேய்ச்சேன். ஒண்ணும் வரலை. அக்கா சாப்பிட்டுட்டு இருந்ததைப் பிடுங்கித் தின்னேன், அவ முறைக்கறா."

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவனுக்குக் கால் தரையில் படவில்லை. வரிசை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தான். "நான்தான் கோளாறு. என்னைக் கழட்டினதும் நின்னுடுச்சு" என்று அவனே வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தான். ஓவர்லாக் அக்கா இன்னொரு டீ கேட்டாள். "யோசனை யாரோடது? எனக்கு ரெண்டு கிளாஸ் தரணும்."

அந்தச் சில வாரங்கள் அவன் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போவான். மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் நின்றுகொள்வான். அதற்கு மேல் ஏறமாட்டான். அவள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுவாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அவன் இடம் மாறி நிற்பான். அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடிகூட இப்படி வாசல்ல நின்னு பாத்ததில்லையே தம்பி," என்று உள்ளேயிருந்து அக்கா சொல்வாள்.

"அப்ப வந்திருந்தா எங்கப்பா காலை ஒடிச்சிருப்பாரு," என்பாள் இவள்.

ஒரு சாயங்காலம் அவள் அவ்வளவு பேசவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மாதிரி காலியா இருக்குங்க."

"பசிக்குதா?"

"இல்ல. பசி இல்ல. வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தப்ப, சனியன், உள்ள ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சுது. இப்ப யாரும் இல்லாத வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பிறகு அவனை எங்கேயும் நிம்மதியாக உட்கார விடவில்லை. "எங்க கூடத்துல கரண்ட் போய் எல்லா மெஷினும் ஒரே சமயத்துல நின்னுச்சுன்னா காது அடைச்ச மாதிரி இருக்கும். பயமாக்கூட இருக்கும். கொஞ்ச நேரம்தான். பழகிடும்."

"டாக்டரை ஒரு எட்டு பாத்துட்டு வரலாமா?"

"ஸ்கேனுக்குத்தான் நாள் குறிச்சிருக்காங்களேம்மா. அன்னைக்கே கேட்டுக்கலாம். இப்பதானே சரியாயிருக்கு, அலைய வேண்டாம்."

"நீங்க சொன்னா சரிதான்," என்றாள் அவள்.

ஸ்கேனுக்குப் போகும் நாளில் அவன் கம்பெனியிலிருந்து நேராக பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். காலையில் ஒரு மெஷின் உயிரை வாங்கியதால் குளிக்க நேரமில்லாமல் போய்விட்டது. பஸ்ஸில் ஏறியும் அவளிடமிருந்து ஒரு சீட்டு தள்ளி நின்றான்.

"இங்க வந்து உட்காருங்க. எத்தனை நாளாச்சு," என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

உட்கார்ந்தான். அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். பிறகு அவன் கழுத்தருகே மூக்கைக் கொண்டுபோய், வேண்டுமென்றே மூச்சை ஆழமாக இழுத்தாள். "பாருங்க. இப்ப ஒண்ணும் செய்யலை. எண்ணெய் மணக்குது, ஆனா ஒண்ணும் செய்யலை." அவளுக்குச் சந்தோஷம்.

அவனும் முதலில் சந்தோஷப்பட்டான். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவன் தன் முறையை நினைத்துக்கொண்டான். பழைய உறுப்பைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. கோளாறு திரும்பி வரவில்லை. அப்படியென்றால் கோளாறு அவன் இல்லை. அவன் போனதால் அது நிற்கவில்லை. வேறு எதனாலோ நின்றிருக்கிறது.

அவள் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிலருக்குத் தானாகவே நிற்குமாம் என்று யாரோ சொன்னதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பஸ் மெதுவாகப் போகக்கூடாதா என்றிருந்தது.

ஸ்கேன் எடுக்கும் பெண் சிறுவயதுக்காரி. வயிற்றில் குளிர்ச்சியான பசையைத் தடவிக்கொண்டே, "சில்லுனு இருக்கும்க்கா, எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க" என்றாள். இவள் ஏதோ பதிலுக்குச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் பேச்சை நிறுத்தினாள். கையில் இருந்த கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டிலில் படுத்திருந்தவளுக்கு அது மறைந்தது. தலைமாட்டில் நின்றிருந்த அவனுக்கு மறையவில்லை.

"டாக்டர் வரட்டும்க்கா," என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா வந்தாள். பார்த்தாள். நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்பவர்கள் நின்றுகொண்டே சொல்வார்கள்.

"துடிப்பு இல்லம்மா," என்றாள் டாக்டரம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சில வாரத்துக்கு முன்னாடியே வளர்றது நின்னுடுச்சு."

"எந்த வாரம்?" என்று அவன் கேட்டான்.

டாக்டரம்மா சொன்னாள். அவன் வரிசை முழுக்க டீ வாங்கிக் கொடுத்த வாரம்.

கட்டிலில் இருந்தவள் அழவில்லை. "வாந்தி நின்னதே, அதனாலயா? அது நின்னதும் நாங்க சந்தோஷப்பட்டோமே," என்று கேட்டாள். கணக்குத் தப்பிப்போன சின்னப் பிள்ளை கேட்பது போல இருந்தது.

"கரு நல்லா வளர்றப்பவும் இந்தச் சமயத்துல வாந்தி நிக்கும்மா. நிறையப் பேருக்கு நிக்கும், அவங்களுக்கெல்லாம் குழந்தை நல்லா பொறக்கும். நின்னதை மட்டும் வெச்சு யாராலயும் எதுவும் சொல்ல முடியாது. நீங்க அன்னைக்கே ஓடி வந்திருந்தாலும் என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. பெரும்பாலும் கரு உண்டாகிறப்பவே இருக்கற குறை. நீ சாப்பிட்டதுலயோ, நடந்ததுலயோ, யாரும் எதுவும் செஞ்சதுலயோ வந்தது இல்ல. இதை ரெண்டு பேரும் கேட்டுக்கங்க."

அவள் கேட்டுக்கொண்டாள். அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பினார்கள். வீட்டில் அக்கா தங்கையைத் தோளோடு அணைத்துப் படியேற்றினாள். அவனும் பின்னால் ஏறினான். வழக்கமாக நிற்கும் திருப்பத்தில் அவன் கால் நின்றுவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஏறிப்போய் மருந்துப் பையை மேஜைமேல் வைத்தான். "அக்கா இருக்காங்க இல்ல. இங்க இடமும் இல்ல. நான் கம்பெனியிலயே படுத்துக்கறேன்" என்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கம்பெனியில் மறுநாள் ஓவர்லாக் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். "என்ன பொறும்மா, புள்ளைக்கு மெஷின் ரிப்பேர் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாச்சா?"

"இல்லக்கா. போயிடுச்சு."

அவள் காலை மிதியிலிருந்து எடுத்தாள். மெஷின் நின்றது. அவள் வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் போனதை அந்தக் கூடம் அன்றுதான் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உதிரி பாக அறையில் உட்கார்ந்து அவன் அதே வேலையைத் திரும்பச் செய்தான். இந்தத் தடவை பின்பக்கமாக. சோப்பை மாற்றினோமே, அதில் ஏதாவதா. ஜன்னலை அடைத்துக் காற்றைத் தடுத்தோமே, அதனாலா. பஞ்சு ஒட்டிய பசையா. அவள் காலியாக இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். காரணம் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை அவனால் வைத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் தான்தான் என்றால் அதையாவது கையில் பிடித்துக்கொள்ளலாம். காரணமே இல்லை என்றால் எதைப் பிடித்துக்கொள்வது.

வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போவான். அக்காவிடம் கொடுப்பான். "எப்படி இருக்கா" என்று கேட்பான். "நீயே உள்ள வந்து கேளேன் தம்பி" என்பாள் அக்கா. கேட்காமல் திரும்பி வருவான். அவனுக்கு ஒரு கேள்வியின் மேல் பயம் இருந்தது. உள்ளே போனால் அவள் அதைக் கேட்பாள் என்று தெரியும்.

ஒருநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், உதிரி பாக அறையின் வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவள். வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். முகம் பாதியாக இளைத்திருந்தது.

"அங்கேயே நில்லு, உள்ள வராதே, எண்ணெய் டப்பா திறந்திருக்கு," என்று அவன் பாய்ந்து போய் ஜன்னலைத் திறந்தான். திறந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, திரும்பாமல் நின்றான்.

அவள் உள்ளே வந்தாள். பெல்ட்டுகள் தொங்கும் சுவரையும், ஊசிப் பெட்டிகளையும், மூலையில் மடித்து வைத்திருந்த போர்வையையும் பார்த்தாள். ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"இதுதான் உங்க மாளிகையா?"

அவன் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினான்.

"நான் என்ன நினைச்சுக்கிட்டேன் தெரியுமா? பிள்ளையைத் தாங்கத் தெரியாதவகிட்ட எதுக்குப் போகணும்னு இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ. அப்படி இல்லம்மா."

"அப்ப எப்படி? வாயைத் திறந்தாத்தானே தெரியும்."

"நீ அன்னைக்கே சொன்னே. காலியா இருக்குன்னு. நான்தான் சிரிச்சேன். மெஷின் கதை சொன்னேன். டாக்டர்கிட்டப் போகலாம்னு நீ கேட்டப்ப வேண்டாம்னுட்டேன்."

"போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. நீங்களும் கேட்டீங்க. நான் அவங்களை நம்பறேன். நீங்க உங்களைத் தவிர யாரை நம்பியிருக்கீங்க?" சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். குரல் இறங்கியது. "எனக்கும் அப்படித்தான் இருக்கு. காலையில முழிப்பு வந்ததும் தலையைத் தூக்காம படுத்திருக்கேன். வந்துடும், வந்துடும்னு. வந்தா போதும்னு இருக்கு. யாராவது கேட்டா என்னைப் பைத்தியம்பாங்க."

அவன் வந்து அவள் எதிரில் தரையில் குந்தி உட்கார்ந்தான். அவன் உட்காருவதற்காகவே காத்திருந்தவள் போல அவள் கேட்டாள்.

"நீங்க பாத்தீங்க இல்ல?"

அந்தக் கேள்விதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தப் பொண்ணு அதைத் திருப்பினப்ப நீங்க என் தலைமாட்டுல நின்னீங்க. எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சுது. இதைச் சொல்லவேண்டி வருமேன்னுதானே வீட்டுக்கு வராம இருக்கீங்க. சொல்லுங்க. நான் தாங்கறேன், தாங்காம போறேன், அதை நான் பாத்துக்கறேன். பெத்தவ நான், பாக்காம விட்டுட்டேன். பாத்தவங்க சொல்லணும்."

சாப்பாட்டு நேரத்துக் கூடம் சத்தமில்லாமல் இருந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான். சுற்றி வளைக்கத் தெரியாதவன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான்.

"மல்லாந்து படுத்த மாதிரி இருந்துச்சு. தலை தனியாத் தெரிஞ்சுது. உடம்பைவிடத் தலைதான் பெருசு. ரெண்டு பக்கமும் கை மாதிரி, மொட்டு மாதிரி. முதல் தடவை மினுக்குச்சே, அந்த இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு கையை நகர்த்தினப்ப அதுவும் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அசையுதேன்னு நினைச்சேன். அவ கையை நிறுத்தினதும் அதுவும் நின்னுடுச்சு."

அவள் கண்ணை மூடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பெருசு?"

அவன் வலது கையைத் தூக்கினான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினான். ஒரு கோட்டுப் பொத்தான் நுழையும் அளவு. அவனுக்கு அளவு தப்பாது. ஆனாலும் ஒரு தரம் உற்றுப் பார்த்து, விரல்களை ஒரு நூலளவு நெருக்கினான். "இவ்வளவுதான் இருக்கும்," என்றான்.

அவள் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

வெளியே மணி அடித்தது. பெண்கள் பேசிக்கொண்டே இடத்துக்குத் திரும்பினார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன், நூல் சிக்கிக்கிச்சு" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஓவர்லாக் அக்கா அந்தப் பெண்ணை அதட்டி உட்கார வைப்பது கேட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. அந்த அளவு மாறிவிடாமல் அவன் கையை அப்படியே வைத்திருந்தான்.